வேலை போய் 11 வாரம், வீட்டில் இன்னும் சொல்லவில்லை

மூணு ஸ்டேஷன் தள்ளி | செவ்வாய், இரவு 11.52

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, நேராகவே சொல்லிவிடுகிறேன். வயது 44. ஐ.டி.யில் 19 வருஷம், கடைசி 11 வருஷம் ஒரே கம்பெனி. மார்ச் முதல் வாரம் ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். பெண் ஒருவர், நான் பார்த்தே இராத ஒரு மேனேஜர். 12 நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்தால் மூன்று மாதச் சம்பளம் தருகிறோம், ரிலீவிங் லெட்டரிலும் வேலையைவிட்டு எடுத்தோம் என்று வராது என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். ஐ.டி. கார்டைக் கழற்றி மேஜையில் வைத்தேன். இன்றைக்கும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கை தானாக நெஞ்சுப் பக்கம் போய்க் கார்டைத் தேடுகிறது.

அப்போது மகனுக்கு பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். முடிந்தது. ரிசல்ட் வரட்டும் என்று இருந்தேன். அதுவும் வந்துவிட்டது.

தினமும் காலையில் அம்மா டப்பா கட்டிக் கொடுக்கிறார்கள். லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு வேளச்சேரியில் 8.10 ரயில் ஏறுகிறேன். முன்பெல்லாம் திருவான்மியூரில் இறங்குவேன். இப்போதும் அங்கே பெட்டி பாதி காலியாகிறது, கழுத்தில் கார்டு போட்டவர்கள் எல்லாரும் இறங்குகிறார்கள், தெரிந்த முகம் யாராவது இருப்பார்களோ என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அப்புறம் இந்திரா நகர், கஸ்தூர்பா நகர், கோட்டூர்புரம். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற கூடம் இருக்கிறதே, அங்கே டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நடுவே சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு டப்பாவை அங்கேயே குழாயில் கழுவிவிடுவேன். மூன்று மாதச் சம்பளத்தை வேறு கணக்கில் வைத்து, மாதக் கடைசியில் சம்பளம் வருகிற மாதிரி வீட்டுக் கணக்குக்கு மாற்றுகிறேன். இந்த மாதக் கடைசியோடு அது தீர்ந்துவிடும்.

முதல் மாதம் 140 இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். மூன்று இன்டர்வியூ வந்தது. ஏப்ரல் பாதிக்கு மேல் எதுவுமே ஓடவில்லை. லேப்டாப் திறந்திருக்கும், நான் எதிரே இருப்பேன், பார்த்தால் மணி நாலாகியிருக்கும். மெயில் பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறது, கம்பெனியிலிருந்து வந்த மெயில்கள்கூடத் திறக்காமல் கிடக்கின்றன. விடிகாலை மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது, அதற்கு மேல் தூக்கம் இல்லை. ஐந்து கிலோ குறைந்துவிட்டேன், வீட்டில் டயட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மகன் 561 மார்க் வாங்கினான். போனில் எண்ணைக் காட்டினான். எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. கையைக் குலுக்கினேன், "சூப்பர்டா" என்றேன், அந்தக் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

போன வாரம் பீரோவிலிருந்து டேர்ம் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து முழுதாகப் படித்தேன். ஏன் படித்தேன் என்று இங்கே எழுதத் தெரியவில்லை. இந்த மாதிரி இருந்து வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கூடுவாஞ்சேரி | புதன், இரவு 12.10

அண்ணா, நீங்கள் தனி இல்லை. போன வருஷம் எங்கள் டீமில் ஒன்பது பேரையும் இதே மாதிரிதான் அனுப்பினார்கள். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். இன்றைக்கு ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்தப் பாலிசியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படுங்கள் அண்ணா.

தென்காசி அரிசிக்கடை | புதன், காலை 6.05

தம்பி, வருத்தப்படாதீர்கள், உள்ளதைச் சொல்கிறேன். 2016 நோட்டு மாற்றத்தில் என் கடை படுத்துவிட்டது, கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை, வாங்கியவர்கள் விடவில்லை. நான் ஒரு நாள்கூட உட்காரவில்லை. வேறொருவர் கடையில் மூட்டை எடை போட்டேன், ஒரு காலத்தில் நான் சம்பளம் கொடுத்தவர்கள் பார்க்கவே போட்டேன். குந்தித் தின்றால் குன்றும் மாளும். லைப்ரரியில் ஏசியில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தால் மனசு கெடத்தான் செய்யும். டிகிரிக்கு ஏற்ற வேலைதான் வேண்டும் என்று காத்திருக்காமல் கிடைக்கிற வேலையில் நாளைக்கே சேருங்கள். டிப்ரஷன் அது இது என்று பெயர் வைத்தால் அதுவே பெரிதாகிவிடும்.

வார்டு அக்கா | புதன், காலை 7.40

தம்பி, மனநலப் பிரிவில் 22 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரிசிக்கடை அண்ணாச்சிக்கு அப்புறம் வருகிறேன், முதலில் உங்களிடம்.

நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா? எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறீர்களா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி வராது. வார்டில் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன், அப்பாடா ஒருத்தராவது கேட்டார்களே என்றுதான் பெரும்பாலும் அழுவார்கள். நான் இல்லாவிட்டால் குடும்பத்துக்கு இவ்வளவு பணம் வருமே என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அந்த எண்ணத்தின் ஒரு வடிவம்தான். நோய்தான் அந்தக் கணக்கைப் போடுகிறது, நீங்கள் இல்லை. இதைப் படித்தவுடன் 14416க்குப் பேசுங்கள். அரசாங்கத்தின் டெலி மனஸ் எண் அது, நம் ஊரில் "நட்புடன் உங்களோடு" என்று பெயர். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. கிடைக்காவிட்டால் 104. பேசிவிட்டேன் என்று இங்கே ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

இப்போது மற்றது. வேலை போன துக்கம் யாருக்கும் வரும், அதற்கு மருந்து தேவையில்லை. ஆனால் துக்கத்தில் இருக்கிற தகப்பனுக்கு மகன் 561 வாங்கினால் ஒரு நிமிஷமாவது நெஞ்சு நிறையும், அப்புறம்தான் ஐயோ காலேஜ் ஃபீஸ் என்று கவலை வரும். உங்களுக்கு அந்த ஒரு நிமிஷமே வரவில்லை. உங்கள் பதிவில் என்னை உலுக்கிய இடம் அதுதான். எதிலும் ருசி இல்லாமல் போவது, விடிகாலை முழிப்பு, எடை குறைவது, கவனம் நிற்காமல் போவது, இதெல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் இருந்தால் டாக்டர்கள் மனச்சோர்வு நோய் என்பார்கள். உங்களுக்கு ஐந்தாறு வாரம் ஆகியிருக்கும் போல. இது டாக்டர் பார்க்க வேண்டிய விஷயம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எதற்குப் போனாலும் மனநலப் பிரிவு உண்டு, சீட்டும் மாத்திரையும் இலவசம். தைராய்டு, பி12 ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், சிலருக்கு அதிலும் கோளாறு இருக்கும்.

அண்ணாச்சி, நீங்கள் சொன்னதில் பாதி சரி. மனசு சரியான பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருந்தால் நடக்காது, கை கால் முதலில் அசைந்தால்தான் மனசு பின்னால் வரும், சிகிச்சையிலேயே அதைச் செய்யச் சொல்லுவோம். ஆனால் கால் முறிந்தவனை ஓடு என்று சொல்ல மாட்டோம் இல்லையா? கட்டுப் போட்டு, பிடித்துக்கொண்டு நடக்க வைப்போம். பெயர் வைத்ததால் நோய் பெரிதாவதை நான் பார்த்ததில்லை. பெயர் வைக்காமல் வீட்டிலேயே வைத்திருந்து, கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸில் கொண்டு வந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மூணு ஸ்டேஷன் தள்ளி | புதன், காலை 10.20

அக்கா, நூலகத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து 14416க்குப் பேசினேன். 40 நிமிஷம் ஆனது. பேசிய பெண்ணுக்கு என் மகனைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும், ஆனால் அவசரப்படுத்தவே இல்லை. எப்படி என்று திட்டமெல்லாம் இல்லை. காலையில் எழாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மட்டும் தோன்றும். பாலிசி இன்னும் பையில்தான் இருக்கிறது.

வார்டு அக்கா | புதன், காலை 10.31

நல்லது தம்பி. திட்டம் இல்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. ஆனால் எழாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்பதையும் டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள், மழுப்பாதீர்கள். பாலிசி உங்கள் மனைவி கையில் இருக்க வேண்டிய பொருள். எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுக்க முடியும்.

புதூர் வீடு | புதன், பிற்பகல் 2.15

இந்தக் கதையில் நான் மனைவி பக்கம். மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் எழுதும்போது கை நடுங்குகிறது.

என் கணவர் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பிரிவில் இருந்தார். வேலை போனதை ஐந்து மாதம் மறைத்தார். மகளுக்குக் காய்ச்சல் 104, ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னார்கள். கவுண்டரில் கம்பெனி மெடிக்கல் கார்டைக் கொடுத்தேன். அந்தப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மேடம், இது எப்பவோ முடிஞ்சு போச்சு" என்றான். இல்லை, சரியாகப் பாருங்கள் என்று அவனிடம் சண்டைக்கே போய்விட்டேன். அவர் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது அவர் முகம் இருந்த இருப்பு எனக்கு எந்த ஜென்மத்திலும் மறக்காது.

என் கோபம் வேலை போனதற்கு இல்லை ஐயா. ஐந்து மாதம் தினமும் காலையில் நான் வாசல் வரை வந்து வழியனுப்பினேன், பேருந்து கிடைத்ததா என்று போன் செய்தேன், அத்தனைக்கும் பொய்யாகப் பதில் வந்ததே, அதற்குத்தான். எங்களுக்குக் கஷ்டம் தெரியக் கூடாது என்று மறைத்தேன் என்றார். நான் நகையை வைத்திருப்பேன், டியூஷன் எடுத்திருப்பேன், அண்ணனிடம் கேட்டிருப்பேன், எல்லாவற்றுக்கும் ஐந்து மாதம் வீணாகிவிட்டது. இவளுக்குத் தாங்காது என்று என்னைப் பற்றி அவரே முடிவு செய்துவிட்டதுதான் வலித்தது.

சொல்லும்போது பிள்ளைகள் முன்னால் வேண்டாம், முதலில் மனைவியிடம். கையில் எவ்வளவு இருக்கிறது, கடன் எவ்வளவு, எத்தனை மாதம் ஓடும், இதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். "ஒன்றும் பிரச்சினை இல்லை, பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த வார்த்தையைக் கேட்டாலே எரிகிறது. உங்கள் மனைவி அழுவார், கத்துவார், ஒரு நாள் பேசாமல் இருப்பார். இருக்கட்டும்.

இதைப் படிக்கிற பெண்களுக்கும் ஒன்று. சாயங்காலம் ஆனால் "இன்னிக்கு ஏதாவது கால் வந்துச்சா?" என்று கேட்பேன், அக்கறையாகத்தான் கேட்பேன். மதியம் மூன்று மணியிலிருந்தே அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு இருப்பேன் என்று பின்னால் ஒரு நாள் அவரே சொன்னார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டோம், வேலைப் பேச்சு, பணப் பேச்சு எல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். மற்ற நாளெல்லாம் சாதாரண வீடாக இருக்க வேண்டும் என்று.

சங்குச் சத்தம் | புதன், மாலை 5.50

கோயம்புத்தூர், சிங்காநல்லூர் பக்கம். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கடிகாரம் தேவைப்படாது. மில் சங்குதான் நேரம். பகல் ஷிப்டுக்கு ஒன்று, அரை நைட்டுக்கு ஒன்று, முழு நைட்டுக்கு ஒன்று. சங்கு ஊதினால் அம்மா உலை வைப்பார், சங்கு ஊதினால் நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்புவோம்.

நான் எட்டாவது படிக்கும்போது மில்லை மூடினார்கள். அப்பாவுக்கு 47 வயது, ஸ்பின்னிங்கில் இருந்தார். மூடின அடுத்த நாள் சங்கு இல்லை. அப்பா மட்டும் அதே நேரத்துக்கு எழுந்து, குளித்து, முகம் மழித்து, காக்கி டவுசரைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். கொஞ்ச நாளில் மழிப்பது நின்றது. அப்புறம் குளிப்பது. சொந்தக்காரர்கள் வந்தால் காது படவே "சோம்பேறி ஆயிட்டார்" என்பார்கள். பாட்டி செய்வினை என்று சொல்லி யாரிடமோ தகடு வாங்கி வந்தார். டாக்டர் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கு அந்தப் பக்கம் யோசிக்கவே தெரியாது. இரண்டரை வருஷம் இப்படியே போனது. அம்மா பனியன் கம்பெனி பீஸ் வாங்கி வந்து வீட்டில் பிசிறு வெட்டினார், நாங்களும் வெட்டினோம். அப்பா பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்புறம் பக்கத்து மெட்ரிக் பள்ளியில் வாட்ச்மேன் வேலை. மில் சம்பளத்தில் கால்வாசிகூட இல்லை. முதல் வாரம் போக மாட்டேன் என்று அடம், அம்மா கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் விட்டு வந்தார். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அப்பா கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சரி செய்துகொண்டிருந்தார். நானும் தங்கச்சியும் கதவோரம் நின்று பார்த்தோம், பேசக்கூட இல்லை. பள்ளிக்கூட மணியை அடிக்கிற வேலையும் அவருக்குத்தான். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாமல் அடிப்பார், அதைப் பற்றி வீட்டில் வந்து பெருமையாகப் பேசுவார்.

அரிசிக்கடை ஐயா சொல்கிற மாதிரி ஏதோ ஒரு வேலை எங்கள் அப்பாவைக் காப்பாற்றியது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் போன இரண்டரை வருஷத்தை ஒரு டாக்டர் குறைத்திருக்கலாம். அந்த வருஷங்களில் அப்பா எங்களோடு பேசிய பேச்சு என்று எதுவும் என் நினைவில் இல்லை.

திருச்சி வாத்தியார் | புதன், இரவு 9.05

சங்குச் சத்தம் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன், ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் சொல்லுகிற விஷயம் இது.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு ஊர். ஒரே ஒரு ஜவுளி ஆலை, ஊரே அதை நம்பி இருந்தது. 1929-30இல் ஆலையை மூடிவிட்டார்கள். மாரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அந்த ஊருக்குப் போய் மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கூடவே இருந்து கவனித்தது, 1933இல் அந்த ஆய்வு வெளிவந்தது. வேலை இல்லை, நேரம் ஏராளம், அப்படியானால் நிறையப் படிப்பார்கள், அரசியல் பேசுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது நேர்மாறு. ஊர் நூலகத்தில் புத்தகம் எடுக்கக் கட்டணம்கூட ரத்தாகிவிட்டது, ஆனாலும் இரண்டு வருஷத்தில் எடுக்கும் புத்தகங்கள் பாதியாகக் குறைந்தன. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகமே குறைந்திருந்தது, நின்று நின்று நடந்தார்கள். வீட்டு வேலை இருந்ததால் பெண்கள் வேகமாக நடந்தார்கள். காலையிலிருந்து மதியம் வரை என்ன செய்தீர்கள் என்று நேரக்குறிப்பு எழுதச் சொன்னால் ஆண்களுக்கு எழுத ஒன்றும் இல்லை. எப்படியோ மத்தியானம் ஆகிவிடுகிறது என்றார்கள்.

"பார்த்தால் மணி நாலாகியிருக்கும்" என்று நம் நண்பர் எழுதியிருக்கிறாரே, 90 வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் எழுதி வைத்ததும் அதுதான். உங்களிடம் ஏதோ தனிப்பட்ட குறை இருக்கிறது என்று நினைக்காதீர்கள் ஐயா. யஹோதா பின்னாளில் இதையே இன்னும் யோசித்து, வேலை சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் ஓசையில்லாமல் கொடுக்கிறது என்றார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே நாலு முகம், பலரோடு சேர்ந்து ஏதோ ஒன்றைச் செய்கிறோம் என்ற நினைப்பு, ஊரில் ஓர் அடையாளம், உடம்புக்கும் மூளைக்கும் ஓயாத ஒரு பழக்கம். வேலை போனால் இவை எல்லாம் சேர்ந்தே போகின்றன. வாட்ச்மேன் வேலை அந்த அப்பாவுக்குத் திருப்பிக் கொடுத்தது இவற்றைத்தான்.

நீங்கள் 8.10 ரயில் பிடித்து நூலகம் போவதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். மனசு தன்னால் முடிந்த அளவு ஓர் ஒழுங்கைப் பிடித்துவைத்திருக்கிறது. பொய்யை எடுத்துவிட்டு ரயிலை வைத்துக்கொள்ளலாம்.

டல்லாஸ் பையன் | வியாழன், காலை 8.30

இங்கே அமெரிக்காவில் எச்1பி என்கிற வேலை விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனால் 60 நாள்தான். அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் விசா வகையை மாற்ற வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். எனக்கு 51ஆவது நாள் கிடைத்தது. அந்த 51 நாளும் ஊரில் அப்பா அம்மாவிடம் வீடியோ காலில் சிரித்துப் பேசினேன், கால் முடிந்ததும் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொள்வேன். வேலை கிடைத்து ஒரு வருஷம் ஆகியும் மேனேஜரிடமிருந்து "பேச முடியுமா" என்று மெசேஜ் வந்தால் உடம்பு வியர்க்கிறது. வேலை கிடைத்தவுடன் எல்லாம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். இன்னும் கவுன்சலிங் போய்க்கொண்டிருக்கிறேன்.

கூடுவாஞ்சேரி | வியாழன், இரவு 10.15

அண்ணா, விரிவாக எழுதுகிறேன் என்றேன், லேட்டாகிவிட்டது. நான் பணப் பக்கம் மட்டும் சொல்கிறேன், மனசுப் பக்கம் அக்கா பார்த்துக்கொள்வார்.

11 வருஷம் என்றீர்களே, கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, வந்துவிட்டதா? ராஜினாமா செய்தாலும் ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு உண்டு. கிராஜுவிட்டிக்குக் கணக்கில் எடுக்கிற கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, அதை 11ஆல் பெருக்குங்கள், அதுதான் தொகை. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். திறக்காத மெயில்களில் அது பற்றி ஏதாவது இருக்கும், நாளைக்கு அதை மட்டும் திறங்கள், வேறு எதையும் பார்க்க வேண்டாம். தனியாக முடியாவிட்டால் சொல்லுங்கள், சனிக்கிழமை நூலகத்துக்கே வருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன்.

வீட்டுக் கடன் இருந்தால் தவணை தவறுவதற்கு முன்னாலேயே கிளை மேலாளரைப் பாருங்கள், தவறின பிறகு போனால் பேச்சே வேறு. மெடிக்கல் இன்சூரன்ஸ் பற்றிப் புதூர் அக்கா எழுதியதை நான் பயத்தோடு படித்தேன். உங்கள் அம்மாவுக்கு வயதாகியிருக்கும், அதை உடனே பாருங்கள்.

மற்றவர்களுக்கு: கூப்பிட்டு உட்கார வைத்து உடனே ராஜினாமா எழுது என்றால் அன்றே எழுதாதீர்கள், படித்துப் பார்க்க ஒரு நாள் கேளுங்கள். அவர்களே ஆட்குறைப்பு செய்தால், சட்டப்படி தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று இழப்பீடு உண்டு. நீங்களே எழுதிக் கொடுத்தால் அது கிடையாது.

தென்காசி அரிசிக்கடை | வெள்ளி, காலை 6.20

எல்லாவற்றையும் படித்தேன். வேலையில் சேருங்கள் என்று சொன்னதை மாற்றிச் சொல்ல மாட்டேன், என் அனுபவம் அதுதான். ஆனால் நான் ஒரு நாள்கூட உட்காரவில்லை என்று எழுதினேனே, அதை என் வீட்டம்மா படித்துவிட்டு, ராத்திரியெல்லாம் நீங்கள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தது யாருக்குத் தெரியும், நான் முழித்துக்கொண்டுதான் கிடந்தேன் என்றாள். ஒன்பது வருஷம் கழித்து இன்றைக்குத்தான் எனக்கே அது தெரியும்.

தம்பி, சென்னையில் அரிசி மண்டி வைத்திருப்பவர்கள் இருவர் எனக்கு நல்ல பழக்கம். கணக்கும் கம்ப்யூட்டரும் தெரிந்த ஆள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அரை நாள் வேலைதான், பெரிய சம்பளம் இல்லை. டாக்டரைப் பார்த்தபின் உடம்பு சொன்னால் தனிச்செய்தியில் எழுதுங்கள்.

மூணு ஸ்டேஷன் தள்ளி | ஞாயிறு, இரவு 10.40

சொல்லிவிட்டேன்.

வெள்ளி இரவு அம்மாவும் மகனும் படுத்தபின் சமையலறையில். புதூர் அக்கா சொன்ன மாதிரி தாளில் எழுதிக் கொண்டுபோனேன், ஆனால் தாளைக் கொடுக்க முடியவில்லை, பாலிசியைத்தான் முதலில் கொடுத்தேன். அது என்ன என்று பார்த்ததும் அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், எழாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்பதையும் சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து அவள் கேட்டது, "டப்பாவ எங்க கழுவினீங்க?" 11 வருஷமும் நாற்றத்தோடு வருகிற டப்பா மார்ச்சிலிருந்து கழுவி வருகிறதே என்று அவளுக்கு அப்போதே ஏதோ பட்டிருக்கிறது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயந்து கேட்காமல் இருந்திருக்கிறாள். அப்புறம் கோபம் வந்தது. சனிக்கிழமை முழுக்கப் பேசவில்லை. ஆனால் நான் எங்கே போனாலும், வாசலுக்குப் போனாலும்கூட, பின்னாலேயே வந்தாள்.

இன்று காலை மகனிடம் சொன்னோம். அவன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "அப்ப ரிசல்ட் அன்னிக்கு நீங்க என் மேல கோவமா இல்லையாப்பா?" என்றான். 561 எனக்குப் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு மூன்று வாரமாக இருந்திருக்கிறான். அவனைக் கட்டிப்பிடித்தேன். மார்ச்சுக்கு அப்புறம் முதல் தடவையாக அழுதேன்.

கூடுவாஞ்சேரித் தம்பி நேற்று நூலகத்துக்கு வந்தார், மெயிலைத் திறந்தோம். கிராஜுவிட்டிக்கு நான் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது, ஏப்ரலிலேயே கேட்டிருக்கிறார்கள். அங்கேயே அனுப்பிவிட்டோம். நான்கு மாதம் வீடு ஓடும்.

நாளை காலை அரசு மருத்துவமனை. அவளும் வருகிறாள்.

புதூர் வீடு | ஞாயிறு, இரவு 11.02

உங்கள் மனைவி உங்கள் பின்னாலேயே நடந்தார் என்று எழுதினீர்களே, நானும் அப்படித்தான் நடந்தேன். பேசாவிட்டாலும் அதுதான் அர்த்தம்.

வார்டு அக்கா | புதன், காலை 8.00

தம்பி, டாக்டரைப் பார்த்தீர்களா? மாத்திரை ஆரம்பித்திருந்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன். முதல் வாரம் வயிற்றைப் புரட்டும், சிலருக்குத் தலைவலி, படபடப்பு இருக்கும், ஆனால் மனசில் மாற்றம் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் நிறுத்திவிடுவார்கள். இது தூக்க மாத்திரை இல்லை. இதற்கு அடிமையாகிவிடுவீர்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நன்றாகிவிட்டது என்று தோன்றினாலும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, சரியானபின்னும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். மனசு மோசமானாலோ, பழைய எண்ணம் பலமாக வந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள். குடிக்கிற பழக்கம் இருந்தால் இப்போது தொடவே கூடாது.

மூணு ஸ்டேஷன் தள்ளி | புதன், இரவு 9.30

பார்த்தோம் அக்கா. இரண்டு மணி நேரம் வரிசை. ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள், 27க்கு எனக்கு 17 வந்தது. டாக்டர் அதை அவளிடமும் காட்டி விளக்கினார். நடுத்தர அளவைத் தாண்டிவிட்டது, ஆனால் நன்றாகச் சரியாகும் என்றார். ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை ஆரம்பித்துவிட்டேன், நீங்கள் சொன்ன மாதிரியே வயிற்றைப் புரட்டுகிறது. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். வாராவாரம் பேசுவதற்கு ஒரு உளவியலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அரிசிக்கடை அண்ணாச்சிக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன், ஜூன் பாதியில் வருகிறேன் என்று.

அம்மாவிடம் மனைவிதான் சொன்னாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. நேற்றுக் காலை வழக்கம்போல டப்பா கட்டி வைத்திருந்தார்கள், இனிமேல் வேண்டாம்மா என்றேன். "லைப்ரரிக்குத்தானே போறே, அங்க பசிக்காதா?" என்றார்கள். மகனுக்கும் சேர்த்து இரண்டு டப்பா. அவன் கவுன்சலிங்குக்குக் காலேஜ் பட்டியல் எழுத என்னோடு வந்தான். திருவான்மியூரில் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, அவனிடம் பேசிக்கொண்டிருந்தேன், ஸ்டேஷன் போனதைக் கவனிக்கவில்லை.

விடிகாலை முழிப்பு பற்றி எழுதியிருந்தீர்களே. நேற்று நாலு ஐம்பது வரை தூங்கினேன்.